சூடேறியதும் இழுவை விடும் மொபெட்: மூன்று மாதம் தேடிக் கண்டுபிடித்த கோளாறு

காலையில் ஒரே மிதியில் ஸ்டார்ட் ஆகிவிடும். முதல் ஏழெட்டு நிமிடம் ஒரு குறையும் சொல்ல முடியாது. அதற்கப்புறம் ஆக்ஸிலேட்டரை முழுக்கத் திருகினாலும் இழுவை இருக்காது. 40-ல் போய்க்கொண்டிருந்த வண்டி தானாக 30-க்கு இறங்கும். சின்ன மேடு வந்தால் 15-க்கு வந்து முனகும். சில நாள் அப்படியே அணைந்தும் போகும். ஓரங்கட்டி இருபது நிமிடம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி மறுபடி கிளம்பும். 50 சி.சி. டூ-ஸ்ட்ரோக் மொபெட்டில் வந்த இந்தக் கோளாறைப் பிடிக்க எனக்கு மூன்று மாதம் ஆனது. அதற்குள் மூன்று ஸ்பார்க் பிளக், பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டர் முழுசாக ஒன்று, பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தரும் இக்னிஷன் காயில் ஒன்று, பொறி வரும் நேரத்தை இயக்கும் சி.டி.ஐ. என்ற மின்னணுப் பெட்டி ஒன்று எல்லாம் மாற்றியாகிவிட்டது. கடைசியில் போரும் (சிலிண்டரின் உட்சுவர்) அதற்குள் ஏறி இறங்கும் பிஸ்டனும் அடிபட்டன. உண்மையில் கெட்டிருந்தது, பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க் தண்டின் ஒரு பக்கம் உட்கார்ந்திருக்கும் ரப்பர் ஆயில் சீல். வீணாக மாற்றிய பாகங்களுக்குக் கொடுத்த பணத்தில் அந்த வண்டியின் ஆயுள் முழுக்கத் தேவையான சீல்களை வாங்கி வைத்திருக்கலாம். பணத்தைவிட, ஒவ்வொரு தடவையும் "இந்த முறை சரியாகிவிட்டது" என்று நம்பி ஏமாந்ததுதான் அதிகம் வலித்தது.

அப்படி நம்பியதற்கு ஒரு காரணம் இருந்தது. அதை முதல் வாரமே யாராவது சொல்லியிருந்தால் பாதிச் செலவு மிஞ்சியிருக்கும். புதுப் பாகம் மாட்ட அரை மணி நேரமாவது ஆகும். அந்த அரை மணியில் இன்ஜின் ஆறிவிடும். மாட்டி முடித்து ஓட்டிப் பார்க்கும்போது நாம் ஓட்டுவது ஆறிய இன்ஜினை. சூட்டில் மட்டும் வரும் கோளாறு ஆறிய இன்ஜினில் வராது. பிளக் மாற்றினால் பிளக்கால் சரியானது போலத் தோன்றும், காயில் மாற்றினால் காயிலால் சரியானது போலத் தோன்றும். மறுநாள் பத்தாவது நிமிடத்தில் பழைய கதை. ஆகவே சூடேறி இழுவை விடும் வண்டியில் எந்தப் பாகத்தை மாற்றினாலும், குறைந்தது அரை மணி நேரம், மேடும் சேர்ந்த வழியில் நிற்காமல் ஓட்டிப் பார்த்த பிறகே அது சரியா தவறா என்று முடிவுக்கு வர வேண்டும். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். பழைய பாகத்தைத் தூக்கிப் போடவே கூடாது. நான் கழற்றிப் போட்ட பழைய காயிலும் சி.டி.ஐ.யும் இன்று அந்த வண்டியில்தான் நன்றாக ஓடிக்கொண்டிருக்கின்றன.

ஸ்பேனரைத் தொடும் முன் ஒரு தாளில் இரண்டு எண்களை எழுதுங்கள். எத்தனை நிமிடம் ஓடிய பிறகு இழுவை குறைகிறது, எத்தனை நிமிடம் நிறுத்தினால் திரும்ப வருகிறது. இந்த இரண்டாவது எண் மிக முக்கியம். லிட்டருக்கு 50 கிலோமீட்டர் தரும் மொபெட் 40 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடினால் 800 மில்லி குடிக்கும். நிமிடத்துக்கு 13 மில்லி சொச்சம். மேட்டில் முழு ஆக்ஸிலேட்டரில் இன்னும் கூடும். கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தில் நிற்பது சில தேக்கரண்டி பெட்ரோல்தான். வழியில் எங்காவது அடைப்பு இருந்தால் கிண்ணம் கொஞ்சம் கொஞ்சமாக வற்றி இழுவை விடும். நிறுத்திய ஓரிரு நிமிடத்திலேயே கிண்ணம் நிரம்பி வண்டி மறுபடி ஓடும். ஓரிரு நிமிட ஓய்வே போதுமென்றால் பெட்ரோல் வழியைப் பாருங்கள். பதினைந்து, இருபது நிமிடம் ஆறினால்தான் ஓடும் என்றால் சூட்டோடு சம்பந்தப்பட்ட விஷயம்: காயில், சீல், பிஸ்டன் இறுக்கம். முதல் நிமிடத்திலிருந்தே இழுவை இல்லையென்றால் சைலன்சர் கார்பன், ஏர் ஃபில்டர் அடைப்பு, தேய்ந்த பிஸ்டன் ரிங், விலகிய டைமிங் (பொறி வரும் நேரம்). என் வண்டியில் சில நாள் இரண்டு நிமிடத்திலும் சில நாள் இருபது நிமிடத்திலும் சரியானது. குழம்பிப்போனேன். இரண்டு கோளாறுகள் ஒன்றின்மேல் ஒன்றாக இருந்தன என்பது பிறகுதான் புரிந்தது.

இன்ஜினைக் குறை சொல்லும் முன் வண்டி தானாக உருள்கிறதா என்று பாருங்கள். இழுவை குறைந்த உடனே நிறுத்தி, இரண்டு சக்கரத்தின் டிரம்மையும் புறங்கையால் மெல்லத் தொடுங்கள். பிரேக்கை அதிகம் பிடிக்காமலே டிரம் சுட்டால் பிரேக் ஷூ ஒட்டிக்கொண்டு இழுக்கிறது. சென்டர் ஸ்டாண்டில் போட்டுச் சக்கரத்தைச் சுற்றிவிட்டால் தெரிந்துவிடும். செயின் மிக இறுக்கமாக இருந்தாலும், சக்கர பேரிங் போயிருந்தாலும் இதே கதைதான். இன்ஜின் சத்தம் ஏறுகிறது, வண்டி மட்டும் போகவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. இன்ஜின் சத்தமும் சேர்ந்து இறங்கினால்தான் இங்கே நாம் பேசும் கோளாறு.

பெட்ரோல் வழியை டேங்க் மூடியிலிருந்து தொடங்க வேண்டும். மூடியில் காற்றுப் போக ஒரு சிறு துளை உண்டு. அதில் தூசியும் மெழுகும் அடைத்தால், பெட்ரோல் இறங்க இறங்க டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி ஓட்டம் நின்றுவிடும். இழுவை விட்ட அந்த இடத்திலேயே மூடியைத் திறங்கள். உஸ் என்று காற்று உள்ளே போனால் கோளாறு அதுதான். பிறகு டியூபைக் கார்புரேட்டரிலிருந்து கழற்றி, ஒரு அளவுக் குப்பியில் விட்டு, டேங்க் மூடியை மூடியபடியே ஐந்து நிமிடம் பாருங்கள். முதல் நிமிடத்தில் எவ்வளவு வந்தது, ஐந்தாம் நிமிடத்தில் எவ்வளவு வந்தது? ஈர்ப்பில் இறங்கும் சின்ன பெட்ரோல் டேப்பில்கூட (டேங்கின் அடியில் திறந்து மூடும் குழாய்) நிமிடத்துக்கு 100 மில்லிக்கு மேல் தாராளமாக வரும். இன்ஜினுக்குத் தேவை அதில் கால் பங்கு கூட இல்லை. ஆனால் அளவு குறைந்துகொண்டே போனால் அடைப்பு இருக்கிறது. இதைச் சூடான இன்ஜின் பக்கத்தில் செய்யாதீர்கள். பெட்ரோல் சிந்தினால் பற்றிக்கொள்ளும்.

என் வண்டியில் முதல் நிமிடம் 120 மில்லி வந்தது, நான்காவது நிமிடத்தில் 30-க்கு இறங்கி, பிறகு சொட்டுச் சொட்டாகியது. டேங்கைக் காலி செய்து டேப்பைத் திருகிக் கழற்றியபோது, உள்ளே நிற்கும் விரல் நீளச் சல்லடையில் செந்நிறத்தில் களிமண் போல ஒரு பூச்சு. டேங்கின் அடியில் தண்ணீர் தேங்கித் துரு பிடித்திருந்தது. எத்தனால் கலந்த பெட்ரோல் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். வண்டி பல வாரம் நின்றால் அந்தத் தண்ணீர் தனியாகப் பிரிந்து அடியில் தங்கும். வண்டி ஓடும்போது துருத்தூள் சல்லடையில் படியும், நின்றால் கீழே உதிரும். அதனால்தான் இரண்டு நிமிட ஓய்வில் சரியானது. டேங்குக்குள் ஒரு கைப்பிடி நட்டுகளையும் வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்த சிட்ரிக் அமிலத்தையும் போட்டு, ஒரு ராத்திரி வைத்துக் குலுக்கிக் கொட்டினேன். பிறகு சோடா உப்புத் தண்ணீரில் அலசி, முழுக்கக் காயவைத்து, உடனே பெட்ரோல் ஊற்றினேன். காயவைத்து அப்படியே வைத்தால் மறுநாளே புதுத் துரு பிடிக்கும். போட்ட நட்டுகளை எண்ணி, அதே எண்ணிக்கை வெளியே வந்ததா என்றும் பாருங்கள். கார்புரேட்டர் கிண்ணத்துக்குள் பெட்ரோல் வருவதைத் திறந்து மூடும் மிதவை ஊசியின் கூம்பு நுனியில் வளையம் போலத் தேய்வு இருந்தால் அதையும் மாற்ற வேண்டும். பெட்ரோலை அளந்து விடும் சிறு துளையுள்ள திருகான ஜெட்டைக் கம்பி விட்டுக் குத்தாதீர்கள். துளை அகன்றுவிட்டால் அந்த ஜெட்டின் எண்ணுக்கு அர்த்தமே இல்லாமல் போகும். காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள்.

டேங்கைச் சுத்தம் செய்ததும் வண்டி பாதி சரியானது. அங்கேதான் நான் சறுக்கினேன். பாதி சரியானதை "பெரும்பாலும் சரி" என்று எடுத்துக்கொண்டு, மீதியைக் கார்புரேட்டர் மேல் போட்டு, புதுக் கார்புரேட்டர் வாங்கினேன். ஒரு கோளாறைக் கண்டுபிடித்த பிறகும் மிச்சம் இருந்தால் அது முதல் கோளாறின் மிச்சம் என்று எண்ணக் கூடாது. முதலிலிருந்து வேறு கோளாறாக வைத்துத் தேட வேண்டும்.

ஆயில் கலவையைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். இன்ஜின் சூடாகிறது என்றதும் பலர் பெட்ரோலில் ஆயிலைக் கூட்டச் சொல்வார்கள். நானும் கூட்டினேன். ஜெட் வழியே போகும் திரவத்தின் அளவு ஏறக்குறைய மாறாதது. அதில் ஆயில் கூடினால் பெட்ரோல் குறைகிறது, கலவை இன்னும் வறட்சியாகிறது, அதாவது காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் இருக்காது. 1:50 என்றால் லிட்டருக்கு 20 மில்லி, 1:25 என்றால் 40 மில்லி. தயாரிப்பாளர் எதைச் சொல்கிறாரோ அதை அளந்து ஊற்றுங்கள். கண்ணளவு வேண்டாம்.

தீப்பொறியையும் சூட்டில்தான் சோதிக்க வேண்டும். ஒரு புதுப் பிளக், இடைவெளி 0.6 மி.மீ. வைத்து, பிளக் ஸ்பேனரோடு பையில் வைத்திருங்கள். இழுவை விட்டு வண்டி அணைந்த இடத்திலேயே, ஒரு நிமிடத்துக்குள், பிளக் கேப்பைக் கழற்றிக் கையிலிருக்கும் பிளக்கில் மாட்டி, அதன் உலோக உடம்பை ஹெட்டில் அழுத்தி வைத்து, நிழலில் கிக் அடித்துப் பாருங்கள். பிளக்கின் உடம்பு இன்ஜின் உலோகத்தைத் தொடாமல், அதாவது எர்த் இல்லாமல் கிக் அடித்தால் சி.டி.ஐ. கெட்டுப்போகலாம். பழைய பிளக் இன்ஜினிலேயே இருக்கட்டும். திறந்த துளையிலிருந்து வரும் ஆவி பற்றிக்கொள்ளும். ஆனால் 0.6 மி.மீ. இடைவெளியில் வெளிக்காற்றில் பொறி வந்தால் மட்டும் எல்லாம் நலம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. சிலிண்டருக்குள் அழுத்தத்தில் பொறி தாவுவது இதைவிடப் பல மடங்கு கடினம். சுமார் 6 மி.மீ. இடைவெளி வைத்த சோதனைக் கருவியில் நீலமாகத் தாவினால் நம்பலாம். பிளக் கேப்பில் மின்தடை பொதுவாக 5 கிலோ ஓம். அது பத்து, இருபது என்று காட்டினால் கேப்பை மாற்றுங்கள். வயரின் நுனியை அரை சென்டிமீட்டர் வெட்டிவிட்டுப் புதிதாகத் திருகுங்கள்.

கிராங்க் தண்டின் முனையில் சுழலும் காந்தச் சக்கரம்தான் மேக்னெட். அதற்குள் இருக்கும் தட்டில், பொறிக்கு மின்சாரம் தரும் சோர்ஸ் காயில்தான் சூட்டில் அடிக்கடி ஏமாற்றும். உள்ளே எங்கோ முடி போன்ற கம்பியில் வெட்டு இருக்கும். ஆறியிருக்கும்போது இரண்டு முனையும் தொட்டுக்கொண்டிருக்கும், சூட்டில் விரிந்து பிரியும். மல்டிமீட்டரை மாட்டிவிட்டு, முடி உலர்த்தும் கருவியால் காயிலைச் சூடாக்கிக்கொண்டே எண்ணைக் கவனியுங்கள். சூடேறும்போது மின்தடை மெதுவாகக் கொஞ்சம் கூடுவது இயல்பு. திடீரென முடிவிலிக்குத் தாவினால் காயில் போய்விட்டது. எனக்கு அது தாவவே இல்லை. சூட்டில் பொறி பார்ப்பதையும் இந்தச் சோதனையையும் முதலில் செய்திருந்தால் இக்னிஷன் காயிலும் சி.டி.ஐ.யும் வாங்கியிருக்க மாட்டேன். சி.டி.ஐ.க்குப் பதில் பாயின்ட் (திறந்து மூடும் தொடர்பு முனைகள்) வைத்த பழைய மாடல் என்றால் இடைவெளி 0.35 முதல் 0.45 மி.மீ.க்குள் இருக்கிறதா, பாயின்டில் கண்ணைக் கூசும் அளவுக்குப் பொறி பறக்கிறதா என்று பாருங்கள். அப்படிப் பறந்தால், அந்தப் பொறியை அடக்க வேண்டிய கண்டென்ஸர் போய்விட்டது.

சைலன்சர் கார்பன் டூ-ஸ்ட்ரோக்கின் பரம்பரை நோய். வண்டி முதலிலிருந்தே ஒரு வேகத்துக்கு மேல் போகாமல் முட்டிக்கொள்ளும், சத்தம் அமுங்கி ஒலிக்கும், பின்முனையில் கை காட்டினால் புகை தள்ளுவதில் வேகம் இருக்காது. சைலன்சரைக் கழற்றி எக்ஸாஸ்ட் துளைக்குள் டார்ச் அடித்தால் ஓரத்தில் கரி தடித்திருப்பது தெரியும். பிஸ்டனை மேலே கொண்டுவந்து அதன் பாவாடை (கீழ்ப்பக்கச் சுவர்) துளையை மூடியிருக்கும்படி நிறுத்தி, மரக்குச்சியால் சுரண்டுங்கள். இரும்பு ஸ்க்ரூ டிரைவர் பிஸ்டனில் கோடு போடும். பிறகு பிளக்கைக் கழற்றி, அதன் துளையிலிருந்து நன்றாகத் தள்ளி எர்த்தில் வைத்துவிட்டு நாலைந்து கிக் அடித்தால் மிச்சத் தூள் வெளியே வரும். சைலன்சரைக் காஸ்டிக் சோடாவில் ஊறவைப்பதானால் தண்ணீரில் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள், சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றாதீர்கள், கொதித்துத் தெறிக்கும். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். அலுமினியப் பாகம் எதையும் அதில் போடக் கூடாது, அரித்துவிடும்.

இதெல்லாம் முடிந்தும் இழுவை விட்டபோது, ஓடும் வண்டியிலேயே செய்யும் ஒரு சோதனையை மூன்றாவது மாதத்தில்தான் செய்தேன். இழுவை குறையும் அந்த நொடியில், காற்றைக் குறைத்துக் கலவையில் பெட்ரோலைக் கூட்டும் சோக்கைப் பாதி போட வேண்டும். இழுவை கொஞ்சம் திரும்பினால் இன்ஜினுக்குப் பெட்ரோல் போதவில்லை, அல்லது எங்கிருந்தோ அதிகக் காற்று சேர்கிறது. இன்னும் மோசமானால் பெட்ரோல் அதிகம், அல்லது ஏர் ஃபில்டரோ சைலன்சரோ அடைத்திருக்கிறது. சோக் போட்டதும் என் வண்டி துள்ளிக் கிளம்பியது. அடுத்து முழு ஆக்ஸிலேட்டரில் ஒரு மேடு ஏறி, அதே வேகத்தில் இன்ஜினை அணைத்து, உருண்டு நின்று, பிளக்கைக் கழற்றினேன். மெதுவாக ஓட்டி வந்து நிறுத்திய பிளக் பொய் சொல்லும். பீங்கான் மூக்கு காப்பித்தூள் நிறத்தில் இருக்க வேண்டும். என்னுடையது சுண்ணாம்பு போல வெளுத்து, ஓரத்தில் மினுமினுப்பாகச் சின்னச் சின்ன மணிகள் தெரிந்தன. அந்த மணிகள் பிஸ்டனிலிருந்து வந்த அலுமினியம். அது அன்றைக்கு எனக்குத் தெரியாது.

கலவை வறட்சி என்று புரிந்ததும் மெயின் ஜெட்டைப் பெரிதாக்கினேன். 60 எண்ணை எடுத்துவிட்டு 66 போட்டேன். ஒரு வாரம் வண்டி அருமையாக ஓடியது. இந்த மூன்று மாதத்தில் செய்த தவறுகளிலேயே பெரிய தவறு இதுதான். கம்பெனி வைத்த ஜெட்டில் வருடக்கணக்கில் சரியாக ஓடிய இன்ஜினுக்கு, திடீரென்று பெரிய ஜெட் தேவைப்பட்டால், ஜெட் கெடவில்லை. வேறு வழியில் காற்று நுழைகிறது. பெரிய ஜெட் அந்த ஓட்டையை மறைத்தது. ஓட்டை வளர்ந்துகொண்டே இருந்தது. எட்டாம் நாள் ஒரு நீண்ட மேட்டில், பின்னாலிருந்து யாரோ பிடித்து இழுப்பது போல வண்டி இறுகியது. சத்தம் கம்மியது, அடுத்த நொடி பின்சக்கரம் கிறீச்சிட்டு நின்றது. இன்ஜின் சீஸ் ஆகிவிட்டது, அதாவது பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகிப் பிடித்துக்கொண்டது. ஆறியபின் கிக் இறங்கியது, ஸ்டார்ட்டும் ஆனது. ஆனால் உள்ளே ஏதோ உரசும் சத்தம். அன்று வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தபோது இருந்த மனவருத்தத்தைச் சொல்லி மாளாது. எச்சரிக்கை எல்லாம் கண்முன்னே இருந்தும் படிக்கத் தெரியாமல் போனது.

ஹெட்டையும் சிலிண்டரையும் தூக்கிப் பார்த்தபோது பிஸ்டனின் எக்ஸாஸ்ட் பக்கம் மேலிருந்து கீழாகக் கீறல். கீழ் ரிங் உருகிய அலுமினியத்தில் ஒட்டி அசையவே இல்லை. எக்ஸாஸ்ட் பக்கம் மட்டும் கீறினால் பெரும்பாலும் வறட்சியும் சூடும். சுற்றிலும் கீறியிருந்தால் ஆயில் போதாமை அல்லது பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் இடையே இடைவெளிக் குறைவு. உடைந்த பிஸ்டனைத் தூக்கிப் போடும் முன் அதை நிதானமாகப் பாருங்கள். வேறெந்தச் சோதனையும் சொல்லாததை அது சொல்லும்.

டூ-ஸ்ட்ரோக்கில் கிராங்க் அறை வெறும் பெட்டி அல்ல, அதுவும் ஒரு பம்பு. பிஸ்டன் மேலே போகும்போது கிராங்க் அறையில் வெற்றிடம் உண்டாகி, கார்புரேட்டரிலிருந்து கலவை உள்ளே வரும். பிஸ்டன் இறங்கும்போது அந்தக் கலவை அழுத்தப்பட்டு சிலிண்டருக்குள் ஏறும். கிராங்க் தண்டின் இரண்டு முனையிலும் இருக்கும் சீல் காற்றை உள்ளே விட்டால், ஜெட்டைத் தாண்டாத வெறும் காற்று கலவையில் சேர்ந்துவிடும். சீலின் உதடு காய்ந்து இறுகியிருந்தால், சூட்டில் அலுமினியக் கேஸ் விரியும்போது அந்த உதடு தண்டோடு ஒட்டி நிற்காது. ஆறியிருக்கும்போது அடைக்கும், சூட்டில் விடும். மேக்னெட் பக்கத்துச் சீல் என்றால் வெளிக்காற்று நுழையும். கிளட்ச் ஆயில் பக்கத்துச் சீல் என்றால் இன்ஜின் அந்த ஆயிலையே உறிஞ்சும். அப்போது அடர்த்தியான வெள்ளைப் புகை வரும், ஆயில் மட்டம் காரணமில்லாமல் குறையும், பிளக் அடிக்கடி நனையும்.

என் வண்டி இதற்கான தடயத்தை முதல் மாதமே காட்டியிருக்கிறது. சூடானபின் ஆக்ஸிலேட்டரை விட்டாலும் இன்ஜின் சத்தம் உடனே இறங்காமல் இரண்டு மூன்று நொடி உயரத்திலேயே நின்று, பிறகு இறங்கும். நான் கேபிள் ஒட்டுகிறது என்று நினைத்து கேபிளுக்கு எண்ணெய் விட்டேன். ஆக்ஸிலேட்டர் விட்டபின் இன்ஜின் ஓடும் வேகத்தை வைக்கும் ஸ்லோ ஸ்க்ரூவைக் காலையில் சரிசெய்தால் மதியம் மாறிவிடும். மேக்னெட் மூடியைக் கழற்றியபோது தட்டுக்குப் பின்னால் கருப்புப் பசை போல ஈரத்தூசி படிந்திருந்தது. அந்த இடம் காய்ந்திருக்க வேண்டும். பிஸ்டன் இறங்கும் ஒவ்வொரு முறையும் சீல் வழியே ஆயில் கலந்த கலவை வெளியே துப்பியிருக்கிறது. இந்த மூன்றும் ஒரே வண்டியில் இருந்தால் கார்புரேட்டரைத் தொடவே வேண்டாம்.

உறுதிப்படுத்த அழுத்தச் சோதனை செய்ய வேண்டும். இதற்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை. ரத்த அழுத்தம் பார்க்கும் பழைய கடிகார மீட்டரும் கைப்பந்தும் போதும். அதில் 300 மி.மீ. என்பது ஏறத்தாழ 5.8 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்குப் பவுண்டு). கிராங்க் அறைக்கு வேண்டிய அழுத்தம் 5 முதல் 7 பி.எஸ்.ஐ.தான். எக்ஸாஸ்ட் துளையைச் சைக்கிள் டியூப் துண்டும் இரும்புத் தகடும் வைத்து போல்ட் போட்டு மூடுங்கள். கார்புரேட்டரைக் கழற்றி அந்த வாயில் ரப்பர் அடைப்பான் வைத்து இறுக்குங்கள். பிஸ்டனை அடிமட்டத்துக்கு இறக்குங்கள். அப்போதுதான் சிலிண்டரும் கிராங்க் அறையும் இரண்டையும் இணைக்கும் டிரான்ஸ்ஃபர் பாதை வழியே ஒன்றாக இருக்கும். பழைய பிளக் ஒன்றின் பீங்கானை உடைத்தெடுத்து அதில் குழாய் சொருகினால் பிளக் துளை வழியே காற்று கொடுக்கலாம். 300 வரை ஏற்றி விட்டுவிடுங்கள். ஒரு நிமிடத்தில் 50-க்கு மேல் இறங்கக் கூடாது. 10 பி.எஸ்.ஐ.க்கு மேல் ஏற்றாதீர்கள், நல்ல சீலின் உதடே புரண்டுவிடும். சிலிண்டர் போட்டிருக்கும்போதுதான் இதைச் செய்ய முடியும் என்பதால், புதுப் பிஸ்டன் மாட்டி சிலிண்டரை இறக்கியபின் செய்தேன். பத்து விநாடியில் முள் பூஜ்யத்துக்கு வந்துவிட்டது. சோப்புத் தண்ணீரைத் தூரிகையால் தொட்டு பேஸ் கேஸ்கட், ஹெட், மேனிஃபோல்ட் எல்லாவற்றிலும் தடவினேன். குமிழி இல்லை. மேக்னெட் இருந்த இடத்தில் தண்டைச் சுற்றித் தடவியதும், பாதி வட்டத்துக்கு நுரை பொங்கி வந்தது. மூன்று மாதம் தேடியது அங்கே கண்ணெதிரே கொப்பளித்துக்கொண்டிருந்தது.

சீலை மாற்ற கிராங்க் கேஸைப் பிரிக்க வேண்டியதில்லை, பெரும்பாலான மொபெட்டில் வெளியிலிருந்தே எடுக்கலாம். மேக்னெட் நட்டின் மரை எந்தப் பக்கம் திரும்பும் என்று முதலில் உறுதிசெய்யுங்கள், சில மாடலில் இடது மரை. மேக்னெட்டை அதற்குரிய புல்லரால்தான் இழுக்க வேண்டும். சுத்தியலால் தட்டினால் கிராங்க் கோணிவிடும், காந்தமும் பலமிழக்கும். தட்டைக் கழற்றும் முன் தட்டுக்கும் கேஸுக்கும் சேர்த்து ஒரு கோடு கீறிவிடுங்கள், இல்லையென்றால் டைமிங் மாறிவிடும். தண்டின் அரைவட்டச் சாவி நசுங்கியோ வெட்டுப்பட்டோ இருந்தால் மாற்றுங்கள். பழைய சீலின் உலோக வளையத்தில் மெல்லிய துளையிட்டு, ஒரு சிறு ஸ்க்ரூவை ஏற்றி, குறட்டால் நேராக இழுத்தால் வந்துவிடும். துளையிடும்போது ட்ரில் பின்னாலிருக்கும் பேரிங்கைத் தொடாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். சீல் முகத்தில் மூன்று எண் இருக்கும்: உள் விட்டம், வெளி விட்டம், தடிமன். அதே எண்ணில் கேளுங்கள். எத்தனால் கலந்த பெட்ரோலுக்கும் சூட்டுக்கும் வைட்டான் என்ற ரப்பர் ரகம் நெடுநாள் தாங்கும். என் பழைய சீலின் உதட்டை நகத்தால் அழுத்தினேன். பிளாஸ்டிக் மூடி போலக் கடகடத்தது. புதுச் சீலின் உதடு விரலுக்கு மெத்தென்று வளைந்தது.

புதுச் சீலின் ஸ்பிரிங் இருக்கும் பக்கம் இன்ஜினுக்கு உள்ளே பார்க்க வேண்டும். தண்டின் மரையிலும் சாவிப் பள்ளத்திலும் ஒட்டும் டேப் சுற்றி, உதட்டில் கிரீஸ் தடவி, சீலின் வெளி விட்டத்துக்குச் சமமான குழாயை வைத்து ஒரே மட்டமாக அழுத்துங்கள். பழையது எந்த ஆழத்தில் இருந்ததோ அதே ஆழம். மிக உள்ளே போனால் பேரிங்குக்கு ஆயில் போகும் துளை மூடிவிடும். ஒரு பக்கத்துச் சீல் போனால் மறு பக்கமும் அதே வயதுதான், இரண்டையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். தண்டில் சீல் உதடு ஓடிய இடத்தில் நகம் சிக்கும் பள்ளம் இருந்தால் புதுச் சீலும் நிற்காது.

பிஸ்டன் பக்கத்தில் சில விஷயங்களில் கவனம் வேண்டும். வார்ப்பிரும்பு போர் என்றால் ஒட்டிய அலுமினியத்தை 400 எண் உப்புத்தாளில் ஆயில் தொட்டுக் குறுக்குக் கோடாகத் தேய்த்து எடுக்கலாம். முலாம் பூசிய போரில் உப்புத்தாளே கூடாது. புது ரிங்கைப் போருக்குள் விட்டு, இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜில் பார்த்தால் முனை இடைவெளி 0.15 முதல் 0.35 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். பிஸ்டன் தலையில் உள்ள அம்பு எக்ஸாஸ்ட்டைப் பார்க்க வேண்டும், ரிங்கின் முனை பள்ளத்தில் உள்ள ஊசியின்மேல் ஏறக் கூடாது. பிஸ்டன் பின் நகராமல் பிடிக்கும் சர்க்ளிப் எப்போதும் புதிதாக இருக்க வேண்டும். அதை மாட்டும்போது கிராங்க் வாயில் துணி அடைத்துக்கொள்ளுங்கள். ஹெட் நட்டுகளைக் குறுக்காக, இரண்டு மூன்று சுற்றில் இறுக்க வேண்டும்.

எல்லாம் மாட்டி மறுபடி 300-க்கு ஏற்றினேன். ஒரு நிமிடம் கழித்து முள் 285-ல் நின்றது. 66 ஜெட்டை எடுத்துவிட்டுப் பழைய 60-ஐயே போட்டேன். பழைய கார்புரேட்டர், பழைய காயில், பழைய சி.டி.ஐ. எல்லாம் திரும்ப வந்தன. முதல் 500 கிலோமீட்டர் பாதி ஆக்ஸிலேட்டருக்கு மேல் போகாமல், ஒரே வேகத்தில் பிடித்து ஓட்டாமல் ஏற்றி இறக்கி ஓட்டினேன். அதற்குப் பிறகு அதே மேடு வரும் வழியில் முழு ஆக்ஸிலேட்டரில் நாற்பது நிமிடம் ஓட்டி, ஓட்டத்திலேயே அணைத்துப் பிளக்கைக் கழற்றினேன். பீங்கான் மூக்கு காப்பித்தூள் நிறத்தில் இருந்தது. ஆக்ஸிலேட்டரை விட்டால் சத்தம் அந்த நொடியே இறங்குகிறது.